வீட்டு வருகைப் படிவம்

ஆசிரியராக என்னென்ன வேண்டும் என்று கேட்டால் இப்போதும் கடகடவென்று ஒப்பிப்பேன். நாற்பது பாடத்திட்டம், இருபது சார்ட், பத்து கற்பித்தல் கருவி, இரண்டு உளவியல் சோதனை, ஒரு மாணவர் ஆய்வு. ஒவ்வொன்றும் தனித்தனி ரெக்கார்டு நோட்டில், இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் மார்ஜின் விட்டு, பழுப்பு அட்டை போட்டு, நாலு பேர் கையெழுத்தோடு. குழந்தைகளைப் பிடிக்குமா என்று அந்தப் பட்டியலில் ஓரிடத்திலும் கேள்வி கிடையாது. நானும் அதைத் தேடவில்லை. எனக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது.

ஒன்பது வருடம் ஒரு மழலையர் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக 'உதவியாளர்' என்று இருக்கும். சான்றிதழ் இல்லாதவர்கள் இனி வகுப்பறையில் நிற்கக் கூடாது என்று ஒருநாள் உத்தரவு வந்தது. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க வயது வரம்பு நாற்பது. எனக்கு அப்போது முப்பத்தொன்பது. என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண்களோடு பயிற்சிக் கல்லூரி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் என்னை ஆன்ட்டி என்றார்கள். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

ரெக்கார்டுகளைத் திருத்தும் விரிவுரையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மார்ஜின் மேடம். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்கேல் இருக்கும். நோட்டைத் திறந்ததும் எழுத்தைப் பார்க்க மாட்டார், ஓரத்தை அளப்பார். கால் அங்குலம் குறைந்தால் நாற்பது பக்கத்தையும் திரும்ப எழுத வேண்டும். எழுதியவள் அழுதால், "டீச்சர் ஆகப்போறவங்க அழலாமா?" என்று அன்பாகக் கேட்பார்.

கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்பின் டீச்சர்தான் எனக்குக் கைடு. என் நாற்பது பாடத்தையும் அவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவர் மூன்று பாடம் பார்த்தார். மிச்சத்தை ஒரே மத்தியானத்தில் முடித்தார். மேசையில் நாலு நீலப் பேனா வரிசையாக இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு பேனா, அடுத்த பக்கத்துக்கு அடுத்த பேனா. ஒரே பேனாவில் போட்டால் ஒரே நாளில் போட்டது தெரிந்துவிடுமாம். "இருபத்தாறு வருஷமா ஒருத்தரும் என்னைப் பிடிச்சதில்லை," என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மாணவர் ஆய்வுக்கு ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது, வருகை எண் மட்டும்.

"பதினேழைப் போடுங்க," என்றார் கைடு டீச்சர். "அது வாயே திறக்காது. உங்களுக்கும் தொந்தரவு இல்லை."

பதினேழு பத்து வயதுப் பெண். சன்னலோரம் மூன்றாவது பெஞ்ச். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருப்பாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள், ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவாள். நின்றுகொண்டே எழுதுவாள். கையெழுத்து மட்டும் அச்சடித்ததுபோல இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் மற்றதெல்லாம் கதவை உடைத்துக்கொண்டு ஓடும். அவள் கரும்பலகையைத் துடைப்பாள், பெஞ்சுகளை நேராக்குவாள், குப்பைக் கூடையை நகர்த்தி வைப்பாள்.

"மிஸ், நாளைக்கு ஸ்கூல் இருக்கா?"

"நாளைக்கு சனிக்கிழமைம்மா."

"ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் இல்லையா மிஸ்?"

நான் அங்கே இருந்த எட்டு வெள்ளிக்கிழமையும் கேட்டாள். முதல் தடவை சிரித்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் சார்ட் மாட்ட உதவிக்குக் கூப்பிட்டேன். கையைத் தூக்கியபோது ஸ்வெட்டர் கை வழிந்து முழங்கைக்கு வந்தது. உள்பக்கம் இரண்டு தடம். ஒன்று மஞ்சளாகிவிட்டது, இன்னொன்று புதுசு. பெல்ட் அகலம்.

"என்னம்மா இது?"

"விழுந்துட்டேன் மிஸ்."

உடனே கையை இறக்கி ஸ்வெட்டரை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அம்மா வேறு நாட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது, வீட்டில் அப்பாவும் அவளும்தான் என்று பதிவேட்டில் பார்த்தேன். அவசரத்துக்குக் கூப்பிட அம்மாவின் தங்கை எண் இருந்தது.

இடைவேளையில் கைடு டீச்சரிடம் சொன்னேன். அவர் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?"

"அப்ப இதையே ஆய்வுல எழுதட்டுமா டீச்சர்?"

"தாராளமா எழுதுங்க. ஹெச்.எம். சீல் போட மாட்டாங்க. புகார்னு ஒண்ணு போனா விசாரணை, பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு. உங்க ரெக்கார்டு முப்பதாம் தேதிக்குள்ள போகணும்ல? எந்தத் தேதிக்குப் போகும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். போகாது. அந்த வருடம் போகாவிட்டால் எனக்கு எந்த வருடமும் போகாது. இதை இப்போது எவ்வளவு பூசி மெழுகினாலும் விஷயம் இவ்வளவுதான்: பெல்ட் தடத்தையும் முப்பதாம் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், முப்பதாம் தேதி பெரிதாகத் தெரிந்தது.

எங்கள் கல்லூரியில் ஒரு மூத்த ரெக்கார்டு உண்டு. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாறு வருடமாகக் கைமாறிக் கைமாறி ஓரமெல்லாம் நைந்துபோன நோட்டு. ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது மதிப்பெண் வாங்கியது. அதில் வகுப்பில் பேசாத ஒரு குழந்தை இருக்கிறது. காரணம் கூச்சம். தீர்வு, வகுப்புத் தலைவர் பொறுப்பும் பாராட்டும். ஆறு வாரத்தில் குழந்தை கையைத் தூக்கிப் பதில் சொல்கிறது. முன்னேற்றம் இல்லாமல் ஆய்வை முடிக்கவே கூடாது என்பது மார்ஜின் மேடத்தின் கட்டளை. "முன்னேற்றம் இல்லைன்னா அப்புறம் நீங்க எதுக்கு?" என்பார். அந்தக் குழந்தையின் அப்பா பொறுப்பானவர், அன்பானவர், ஒத்துழைப்பு நல்குபவர். நாங்கள் முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு குழந்தைக்கும் அந்த வருடம் அதே அப்பாதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து காப்பியடித்து முடித்தேன். ஒன்றரை அங்குலம் மார்ஜின் விட்டு.

மிச்சம் இருந்தது வீட்டு வருகைப் படிவம். குழந்தையின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து நிரப்ப வேண்டியது. கீழே பெற்றோர் கையெழுத்து. இரண்டு பிரதி, ஒன்று ரெக்கார்டில் ஒட்ட, ஒன்று பெற்றோருக்கு. யாரும் போவதில்லை. நிரப்பிக் குழந்தையிடமே கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது வழக்கம். நானும் நிரப்பினேன். 'வீட்டுச் சூழல்: அன்பும் பாதுகாப்பும் நிறைந்தது. தந்தையின் அணுகுமுறை: கனிவானது. குழந்தை அச்சமின்றிக் காணப்பட்டது.' மடித்துப் பதினேழின் பையில் வைத்தேன்.

மறுநாள் கையெழுத்தோடு வந்தது. நேர்த்தியான கையெழுத்து, அவளுடையதைப்போல.

"அப்பா எதுவும் சொன்னாங்களா?"

"படிச்சாங்க மிஸ். சிரிச்சாங்க."

கடைசி நாள் வெளித்தேர்வாளர் வருவார். இரண்டு மூன்று குழந்தைகளைக் கூப்பிட்டு ஏதாவது கேட்பார். அதனால் முந்தின நாள் எல்லாப் பயிற்சி ஆசிரியர்களும் அவரவர் குழந்தைகளை வராந்தாவில் நிறுத்திப் பதில் சொல்லிக் கொடுப்பார்கள். நானும் பதினேழை நிறுத்தினேன்.

"மிஸ் உங்க வீட்டுக்கு வந்தாங்களான்னு யாராவது கேட்டா என்ன சொல்லணும்?"

"வந்தாங்க."

"சத்தமா. கேக்கறவங்க முகத்தைப் பார்த்து."

"வந்தாங்க."

"தலையைக் குனியாம. இன்னொரு தடவை."

மூன்று தடவை சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை நன்றாகவே சொன்னாள். பிறகு ஸ்வெட்டர் நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"நிஜமா வருவீங்களா மிஸ்?"

"வருவேன்," என்றேன்.

வெளித்தேர்வாளர் பிஸ்கட் தின்றார், சார்ட்டுகளைப் பார்த்துத் தலையாட்டினார், யாரையும் எதுவும் கேட்காமல் கிளம்பிப் போனார். எனக்கு நாற்பத்தேழு மதிப்பெண். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பதினேழு வீட்டுக்கு நான் போகவில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து, எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்து சான்றிதழுக்குக் காத்திருந்தபோது, கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். பதினேழு வலது கை இரண்டிடத்தில் ஒடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். படியில் விழுந்தாள் என்று அப்பா சொல்கிறார். கட்டுப்போட்ட நர்ஸிடம், மூன்றாம் நாள், அப்பா முறுக்கினார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நர்ஸ் எழுதிக் கொடுத்ததால் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் விசாரிக்கிறது. சித்தி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்கிறாள். அப்பாவோ, விசாரணையின் முதல் நாளே ஒரு தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். என் கையெழுத்துள்ள படிவத்தின் இரண்டாவது பிரதி.

"நீங்க போய் ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும்," என்றார் முதல்வர். "ஆமா, நான் எழுதினதுதான். அவ்வளவுதான்."

மார்ஜின் மேடமும் பக்கத்தில் இருந்தார். அன்றைக்கு ஸ்கேல் இல்லை. "முப்பத்திரண்டு பேரோட வாழ்க்கை. அதை நினைச்சுக்கோங்க," என்றார்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கு எது சரின்னு தோணுதோ அதைச் சொல்லு," என்றார். "ஆனா இந்த வயசுக்கு மேல இன்னொரு சான்ஸ் இல்லைங்கறதும் நினைப்புல இருக்கட்டும்."

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. நடுவில் மேசை, மேசைக்குப் பின்னால் விசாரணை அலுவலர், ஒரு பெண்மணி, நரைத்த தலை, களைத்த முகம். சுவரோரம் நாற்காலிகள். ஒரு பக்கம் கைடு டீச்சர், அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் சித்தி, அவள் மடியோடு ஒட்டிக்கொண்டு கையில் மாவுக்கட்டோடு பதினேழு. எதிரே அப்பா. இஸ்திரி போட்ட சட்டை, மழித்த முகம், கைகூப்பி எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். வீட்டுக்கு வந்தப்ப டீகூட ஒழுங்கா குடிக்கலை நீங்க. அவசரமா கிளம்பிட்டீங்க."

அந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அது அவருக்கும் தெரியும். நான் பொய்க்காரி என்று அந்த அறையில் பதினேழைத் தவிர நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர், என்னிடம் அத்தனை மரியாதையாக நடந்துகொண்டவரும் அவர்தான்.

அடித்தவர் முன்னால் வைத்துக் குழந்தையை விசாரிக்கக் கூடாது என்பது எங்கள் மூன்றாம் தாளில் இருக்கிறது. பத்து மதிப்பெண் கேள்வி. அலுவலர் அந்தத் தாளை எழுதவில்லை போலும். படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு நேராகப் பதினேழைத்தான் கேட்டார்.

"இந்த மிஸ் உங்க வீட்டுக்கு வந்தாங்களாம்மா?"

பதினேழு என்னைப் பார்த்தாள். பிறகு சித்தியின் கையை விட்டுவிட்டு நேராக நின்றாள். தலையைக் குனியவில்லை. கேட்டவர் முகத்தைப் பார்த்தாள்.

"வந்தாங்க," என்றாள் சத்தமாக.

சித்தி திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

"இல்லை," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நான் போகலை. அந்தப் படிவத்துல இருக்கறது எல்லாம் பொய். வேற ஒரு ரெக்கார்டைப் பார்த்து எழுதினது."

அலுவலர் பேனாவை எடுத்தார். "அப்ப பிள்ளை ஏன் வந்தீங்கன்னு சொல்லுது?"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தேர்வாளர் கேட்டா இப்படிச் சொல்லணும்னு. மூணு தடவை சொல்ல வச்சேன்."

"படிவத்துல பொய் எழுதினது எதுக்கு?"

"சான்றிதழுக்கு." சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ இறங்கியதுபோல இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு அசடு நான். "மேடம், அவ கையில நான் தடம் பார்த்தேன். பெல்ட் தடம். ரெண்டு."

"ரெக்கார்டுல எழுதினீங்களா?"

"இல்லை."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கைடு டீச்சர்கிட்ட சொன்னேன்."

அலுவலர் திரும்பிப் பார்த்தார். கைடு டீச்சர் கைப்பையின் பித்தளைக் கொக்கியைத் திறந்தார், மூடினார். "எங்கிட்ட அப்படி எதுவும் சொன்னதா ஞாபகம் இல்லை மேடம்," என்றார்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். கோபமெல்லாம் இல்லை, வருத்தத்தோடுதான் பேசினார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா மேடம்? இவங்க வரலைங்கறது எனக்கும் தெரியும். பாவம், வேலைக்குப் படிக்கறாங்களேன்னு கையெழுத்துப் போட்டேன், இப்பவும் காட்டிக்கொடுக்க மனசு வரலை. ஆனா பார்த்துக்கோங்க. மிஸ் மூணு தடவை சொல்லிக் கொடுத்தாங்க, நாலு மாசம் கழிச்சும் பிள்ளை அதையே சொல்லுது. கண்ணைப் பார்த்துச் சொல்லுது. என் மச்சினி ஆஸ்பத்திரியில மூணு நாள் கூடவே இருந்தா. அவ எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாளோ. நர்ஸ்கிட்ட எப்படிச் சொல்லுச்சுன்னு இப்பத்தான் எனக்கே புரியுது."

"நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலை," என்றாள் சித்தி. "மேடம், நான் எதுவுமே சொல்லிக் கொடுக்கலை."

அலுவலர் எழுதுவதை நிறுத்தவில்லை. நான் எழுந்து நின்றேன். இது வேறு, அது வேறு, நர்ஸிடம் சொன்னது நிஜம் என்றேன்.

"உட்காருங்க," என்றார் அலுவலர். "உங்க ரெக்கார்டும் பொய்யின்னு நீங்களே சொல்றீங்க. பிள்ளை சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும்னும் நீங்களே சொல்றீங்க. நான் எதை எடுத்துக்கறது?"

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் அறிக்கையை இரண்டு தடவை புரட்டினார். விழுந்தும் ஒடிந்திருக்கலாம், முறுக்கியும் ஒடிந்திருக்கலாம் என்று அதில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. பத்து நிமிடம் பக்கத்து அறையில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். பெற்ற தகப்பனிடமிருந்து பிரிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றார். அப்படியே விட்டுவிடப் போவதில்லையாம். மாதம் ஒருமுறை அலுவலகத்து ஆள் வீட்டுக்கு வந்து பார்த்துப் படிவம் நிரப்பி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வாராம்.

"ரொம்ப நன்றி மேடம்," என்றார் அப்பா.

எனக்கு வரவேண்டியிருந்த சான்றிதழ் அந்த வாரமே ரத்தானது. மற்ற முப்பத்தொரு பேரையும் மாணவர் ஆய்வை மட்டும் திரும்ப எழுதிக் கொடுக்கச் சொல்லி விட்டுவிட்டார்கள். சான்றிதழ் போனதற்காக அழுதேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் வாயைத் திறக்காமல் ஆமாம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்போதும் அவள் அந்த வீட்டுக்குத்தான் போயிருப்பாள். நிஜத்தைச் சொல்ல வேண்டிய நாள் ஒன்று இருந்தது, அன்றைக்கு நான் நூலகத்தில் உட்கார்ந்து மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அறையைவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். சித்தி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அப்பா மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாவுக்கட்டு இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்னைக் கடக்கும்போது பதினேழு நின்றாள். அவரும் நின்றார், அவசரப்படுத்தவில்லை.

"மிஸ்," என்றாள் மெதுவாக. "நான் சரியா சொன்னேனா?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா சொன்னம்மா," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அவரோடு படியிறங்கிப் போனாள்.